மர்ம நாவலில் தொனி பிசகினால்: அறிகுறி பார்த்துத் திருத்தும் முறை

பிரதியை வாசித்தவர் "கதை நல்லம், ஆனா மனசில ஒட்டுதில்ல" என்று திருப்பித் தந்தால், உடனே கொலையாளியை மாற்றவும் புதுத் தடயம் சேர்க்கவும் இறங்கிவிடாதீர்கள். முடிச்சு அநேகமாகச் சரியாகத்தான் இருக்கும். பிசகியிருப்பது தொனி, அல்லது சூழலுணர்வு.

தொனி என்பது சொல்லுகிறவர் தான் சொல்லும் விடயத்தின்மேல் வைத்திருக்கும் பார்வை. எள்ளல், இரக்கம், சந்தேகம், பொலிஸ் அறிக்கையின் வறட்சி, எதுவாகவும் இருக்கலாம். சூழலுணர்வு என்பது அந்தப் பக்கத்தை வாசிக்கும்போது வாசகர் மனதில் ஏறுவது. முன்னது நாவல் முழுக்க ஒரே ஆளின் குரலாக நிற்க வேண்டும். பின்னது அத்தியாயத்துக்கு அத்தியாயம் மாற வேண்டும். பழுதான பிரதிகளில் இது தலைகீழாக இருக்கும். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரே மழை, ஒரே இருட்டு. சொல்லுகிற குரல் மட்டும் இடத்துக்கிடம் ஆள் மாறிக்கொண்டிருக்கும்.

கீழே வரும் உதாரணங்கள் எல்லாம் ஒரே கற்பனைக் கதையில் இருந்து. மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் ஒரு போடியார், அதாவது பெரிய வயற்சொந்தக்காரர். தை மாதம், அறுவடைக்குக் கொஞ்ச நாள் இருக்கையில், வட்டைக்குள், அதாவது வயல்வெளிக்குள், இருக்கும் தன் குடிசையான வாடியில் இறந்துகிடக்கிறார். துப்புத் துலக்குகிறவர் அந்த ஊருக்குப் பொறுப்பான குடும்பநல உத்தியோகத்தர், அதாவது வீடுவீடாகப் போகும் அரச மருத்துவிச்சி. ஊரார் வாயில் அவர் 'மிஸ்'. எல்லா வீட்டுக் குசினிக்குள்ளும் கேட்காமல் போகக்கூடிய ஆள் என்பதால் மர்மக் கதைக்கு வசதியான பாத்திரம்.

முதலில், எது பழுது?

1. முதல் அத்தியாயத்தில் ஒரு பக்கம், நடுவில் ஒன்று, கடைசிக்கு முந்திய அத்தியாயத்தில் ஒன்று எடுங்கள். உரையாடல் குறைவான பக்கங்களாகப் பாருங்கள்.
2. பெயர்களைக் கறுப்பு மையால் அழித்துவிட்டு, கதை தெரியாத ஒருவரிடம் கொடுத்து உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். உங்கள் கையில் தாள் இருக்கக்கூடாது.
3. மூன்றையும் ஒரே ஆள் சொல்வதாகக் காது நம்பினால் தொனி சரி. மூன்று பேர் பேசுவதுபோல் இருந்தால் பழுது அங்கேதான்.
4. வாசித்தவரிடம் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு சொல் கேளுங்கள்: பயம், அலுப்பு, பாவம், சந்தேகம், என்ன வந்தாலும் சரி. மூன்றுக்கும் ஒரே சொல் வந்தால் சூழலுணர்வு உறைந்துவிட்டது. சொல்லே வராவிட்டால் அது இன்னும் பிறக்கவே இல்லை.

இரண்டும் பழுது என்றால் தொனியை முதலில் திருத்துங்கள். சொல்லுகிற குரல் மாறினால் அந்தக் குரல் எதைக் கவனிக்கும் என்பதும் மாறும். சூழலுக்காக எழுதிய விவரணையில் பாதி வீணாகிவிடும்.

அறிகுறி: பயப்படவேண்டிய இடத்தில் வாசகர் சிரிக்கிறார்

காரணம் உணர்ச்சியின் பெயரை எழுதியிருப்பது. பிரதியில் இந்தச் சொற்களைத் தேடுங்கள்: திகில், மர்மமான, பயங்கர, அமானுஷ்ய, இனம்புரியாத, ஏதோ, திடீரென்று, உறைந்துபோனார். 2,000 சொல் அத்தியாயமொன்றில் இவை எல்லாம் சேர்ந்து மூன்றுக்குமேல் வந்தால் அந்த அத்தியாயம் சத்தம் போடுகிறது என்று அர்த்தம். வியப்புக்குறியையும் வரிசைப் புள்ளிகளையும் அதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பழுதானது:

"அந்த மர்மமான வாடியை நெருங்கியபோது மிஸ்ஸின் உடல் முழுவதும் இனம்புரியாத திகில் பரவியது. திடீரென்று ஏதோ ஒரு பயங்கரமான உணர்வு…!"

திருத்தியது:

"வாடி வாசலில் செருப்பு இரண்டும் ஒழுங்காகக் கிடந்தன. போடியார் செருப்பை அப்படிக் கழற்றுகிறவர் அல்ல. உள்ளே பலகையில் இருந்த தேத்தண்ணிக் கோப்பையில் எறும்பு ஏறியிருந்தது. மிஸ் கூப்பிட்டுப் பார்த்தார். பிறகு, தான் கூப்பிட்டதை யாரும் கேட்டுவிட்டார்களோ என்று வரம்புப் பக்கம் திரும்பிப் பார்த்தார்."

இரண்டாவதில் பயம் என்ற சொல்லே இல்லை. அளவு இதுதான்: ஒரு காட்சிக்குச் சாதாரணப் பொருள் இரண்டு, இடம் மாறிய பொருள் ஒன்று, பயத்தைப் பெயர் சொல்லாத உடல் அசைவு ஒன்று. இடம் மாறிய பொருள் இரண்டுக்குமேல் போனால் வாசகர் அதைத் தடயப் பட்டியலாக எண்ணத் தொடங்கிவிடுவார். பயம் போய்க் கணக்கு வந்துவிடும். அப்படி வைக்கிற பொருள் பின்னால் கதையில் வேலை செய்தும் ஆகவேண்டும். சூழலுக்காக மட்டும் ஒழுங்காகக் கிடந்த செருப்பு, வாசகரை ஏமாற்றுகிற செருப்பு.

அறிகுறி: வசனங்கள் குறுகிவிட்டன, பதற்றம் கூடவில்லை

"கதவு திறந்தது. அவர் நுழைந்தார். இருட்டு. அமைதி." குறு வசனம் வந்தால் வேகம் வரும் என்ற நம்பிக்கையில் பக்கம் பக்கமாக இப்படி எழுதுவார்கள். நாலாவது வசனத்தில் காது பழகிவிடும்.

வினை கடைசியில் வருகிற மொழி நம்முடையது. அதுவே பதற்றத்துக்குப் பெரிய வசதி. வினையெச்சங்களை அடுக்கி வாசகரை வழமையான வேலைக்குள் நடத்திப் போய், முற்றுவினையில் நிறுத்துங்கள்:

"ஸ்கூட்டியை வரம்போரம் விட்டு, பையைத் தோளில் போட்டு, செருப்பைக் கையில் எடுத்து, சேற்றில் பார்த்துப் பார்த்துக் கால்வைத்து, வாடி வாசலில் குனிந்து உள்ளே எட்டிப்பார்த்த மிஸ் நிமிரவில்லை."

இதற்குப் பிறகு ஒரு குறு வசனம் போட்டால் அடிக்கும்.

இன்னொரு பிழை பெயரெச்சத்தில் விடையைக் கொடுத்துவிடுவது. "இறந்துகிடந்த போடியாரின் கையை மிஸ் பிடித்துப் பார்த்தார்" என்றால் மரணம் பெயருக்கு முன்னே போய் நின்றுவிட்டது; கை பிடிப்பதில் ஒன்றும் மிச்சமில்லை. "போடியாரின் கையை மிஸ் பிடித்துப் பார்த்தார். விட்டுவிட்டார்." போதும்.

செய்தது யார் என்பதை எவ்வளவு காட்டுவது என்பதற்கும் படிகள் இருக்கின்றன. "படலை திறந்திருந்தது." "படலை திறந்துவிடப்பட்டிருந்தது." "படலையை யாரோ திறந்துவிட்டிருக்கிறார்கள்." முதலாவதில் சந்தேகம் இல்லை, மூன்றாவதில் ஒரு ஆள் நிற்கிறார். தொடக்க அத்தியாயங்களில் முதலாவதையே எழுதுங்கள். வாசகர் தானாகச் சந்தேகப்படத் தொடங்கிய பிறகுதான் 'யாரோ' வர வேண்டும்.

அறிகுறி: ஊர் மட்டக்களப்பு, காற்று வேறெங்கோ

உள்ளூர் வாசகர் பிரதியை மூடிவைப்பது அதிகமும் இந்த இடத்தில். வெளியூர் மர்மக் கதைகளில் இருந்து இரவல் வாங்கிய வானமும் கடலும் நம்முடைய ஊரில் நடக்காத வேலைகளைச் செய்யும்.

கல்முனைக் கடலில் சூரியன் மறையாது. அது கடலில் எழும்பி, வாவிக்கும் வயலுக்கும் அப்பால் விழும். நவம்பரில் மாலை ஐந்தே முக்காலுக்கு முன்பே சூரியன் போய்விடும். யூலையில் ஆறரை வரை நிற்கும். விழுந்தபின் வெளிச்சம் தங்குவது ஏறக்குறைய 20 நிமிடம். ஒரு மணி நேரம் நீளும் அந்தி குளிர்நாட்டுச் சரக்கு. போயா அன்று, அதாவது பௌர்ணமியில், சூரியன் விழுகிற நேரத்தில் நிலவு கடலுக்குள்ளிருந்து வரும். அதன் பிறகு நாளுக்குச் சராசரி 50 நிமிடம் பிந்தும். போயா கழிந்து ஐந்தாம் நாள் இரவு எட்டு மணிக்கு உச்சியில் நிலவு காய்ந்தால், சாட்சி பொய் சொல்கிறார் என்று கவனமான வாசகர் நினைப்பார். அதையே தடயமாக்கவும் செய்யலாம்.

பெரிய வற்றுப்பெருக்கு வந்து சடலத்தைக் கரையில் ஒதுக்கும் காட்சியும் இங்கே நிற்காது. நமது கரையில் கடல்மட்ட ஏற்ற இறக்கம் ஒரு மீற்றருக்கும் குறைவு. வாவியின் நீர்மட்டத்தை ஏற்றுவது மாரிமழை. இறக்குவது முகத்துவாரம், அதாவது வாவி கடலில் சேரும் வாய், திறப்பது. மணல்மேடு அடைத்து நிற்கும் நாட்களில் வாவி அசையாமல் கிடக்கும். முகத்துவாரத்தை வெட்டிவிட்டால் நீர் கடலை நோக்கி இழுக்கும், மறைந்திருந்தவை வெளியே வரும். வெட்டுவதா இல்லையா என்று வெள்ளம் வந்த ஊரும் மீன்பிடிக்கிற ஊரும் வாக்குவாதப்படுகிற நாட்களில் கதையை வைத்தால், பதற்றத்துக்காகத் தனியாக எதுவும் எழுதத் தேவையில்லை.

காற்றையும் மாதத்தையும் பொருத்தும் முறை:

மாரி, அதாவது நவம்பரில் இருந்து ஜனவரி வரை. வாடைக்காற்று, தொடர்மழை, கரண்ட் போவது, வீதி மூடுவது. தனிமைப்படும் உணர்வுக்குப் பொருத்தம். வெளியே போகமுடியாத நாலு பேர், உள்ளே ஒரு பிரேதம். 2011 ஜனவரி வெள்ளத்தைப் பார்த்தவர்கள் வாசகர்களாக இருக்கிறார்கள் என்பதை மறக்காமல், எந்த வீதியில் தண்ணீர் நிற்கும், எதில் நிற்காது என்று விசாரித்து எழுதுங்கள்.

தையும் மாசியும். காலைப்பனி, முற்றிய கதிர், வயலில் தங்கும் காவல், யானை. விழிப்பும் தூக்கக்கலக்கமும் கலந்த உணர்வு.

மே கடைசியில் இருந்து ஓகஸ்ட் வரை கச்சான். மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு வெறும் சூட்டோடு இறங்கி வருகிற மேல்காற்று. உதடு வெடிக்கும், கிணறு இறங்கும், கூரைத் தகரம் நாள் முழுக்க அடித்துக்கொள்ளும், சின்னக் கதைக்கும் சண்டை வரும். நண்பகலில் ஒழுங்கையில் ஒரு சனம் இருக்காது. எங்கள் கணிப்பில் மர்ம நாவலுக்கு இந்தக் கரையில் மிகப் பொருத்தமான பருவம் இதுதான். ஆனால் எல்லோரும் மாரிக்கே ஓடுகிறார்கள். முழு வெளிச்சத்தில், எல்லாம் தெரிகிற நேரத்தில், பார்க்க ஒருவரும் இல்லை என்ற நிலை இருட்டைவிட மோசமானது.

ஒலியில் எதிர்நிலை பிடியுங்கள். சடலத்தைக் கண்ட நிமிடத்தில் ஆந்தை அலறினால் அது நாடகம். அதே நிமிடத்தில் பாண் விற்கிற சூன் பாண் ஓட்டோ தன் மெட்டைப் போட்டுக்கொண்டு ஒழுங்கைக்குள் வந்தால், யாரோ "பாண் ரெண்டு" என்று கேட்டால், வாசகருக்குக் குளிரும். மணம் என்றால் அத்தியாயத்துக்கு ஒன்று போதும்: நெல் அவிக்கிற மணம், கண்ணாப் பற்றைச் சேறு, காயவைத்த இறால். மட்டக்களப்பு வாவியின் பேர்போன பாடும்மீனைச் சுற்றுலாக்காரருக்கு விட்டுவிடலாம். கொலைக் காட்சியில் அது பாடத் தொடங்கினால் கதை அஞ்சலட்டை ஆகிவிடும்.

ஆண்டையும் முடிவுசெய்யுங்கள். கல்லடியில் புதுப்பாலம் 2013இல் வந்தது. அதற்கு முன் ஒற்றை வழி இரும்புப்பாலத்தில் எதிர்ப்பக்க வாகனம் வரும்வரை காத்து நிற்க வேண்டும். மண்முனைப் பாலம் 2014இல். அதற்கு முன் அந்தத் துறையால் படுவான்கரைக்குப் போகிறவர் பாதையில், அதாவது மிதவையில், வாவியைக் கடந்தார். 2010இல் நடக்கிற கதையில் ஒருவர் நடுச்சாமத்தில் பத்து நிமிடத்தில் மண்முனையைத் தாண்டினால் அவருடைய சாட்சியம் மட்டும் உடையாது, உங்கள் குரலின் நம்பகமும் உடையும். பாதை நின்றபின் அக்கரையில் மாட்டிக்கொள்வது தனிமைக்கு எவ்வளவு நல்ல ஏற்பாடு என்பதையும் கவனியுங்கள்.

அறிகுறி: பேய் வந்ததும் புதிர் செத்துப்போகிறது

அச்சம் பிறக்கும் களங்கள் நான்கு என்று தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் வகுக்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. புதிதாக எழுதுகிறவர்கள் முதலாவதில் கைவைக்கிறார்கள். மர்ம நாவலுக்கு ஆகாதது அதுதான். பேய் கொன்றிருக்கலாம் என்று ஒருதரம் நம்ப வைத்தால், பூட்டிய கதவுக்கும் நேரக்கணக்குக்கும் பெறுமதி இல்லை. மட்டக்களப்புக்கு வந்தவரை மந்திரத்தால் பாயோடு ஒட்டவைப்பார்கள் என்ற பழைய பகிடியை வெளியூர் வாசகர் ரசிக்கலாம். உள்ளூரார் கொட்டாவி விடுவார்.

மந்திரம், நேர்த்தி, கழிப்பு எல்லாம் வரலாம். கதாபாத்திரங்கள் அதை நம்பட்டும். சொல்லுகிற குரல் நம்பவும் வேண்டாம், நக்கலடிக்கவும் வேண்டாம். "வாடிக்குப் பின்னால் எலுமிச்சம்பழம் வெட்டிக் கிடந்தது. வெட்டுவாய் இன்னும் காயவில்லை" என்று எழுதினால் அணங்கு நேரக்கணக்காக மாறிவிடும்.

விலங்கு இந்தப் பக்கத்துக்கே உரிய வாய்ப்பு. அறுவடைக்கு முந்திய இரவுகளில் யானை விரட்ட வெடி கொளுத்துவார்கள். வெடிச்சத்தம் கேட்டால் எழும்பிப் பார்க்க மாட்டார்கள், திரும்பிப் படுப்பார்கள். நமது போடியாரைத் துவக்கால் சுட்டது அப்படியான இரவில் என்றால், சத்தத்தை ஊரே கேட்டிருக்கும், ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். மிஸ் விசாரிக்கப் போகிற வீடெல்லாம் "ராவு யான வெடி போட்டாங்க மிஸ்" என்கிறது. எத்தனை வெடி என்று கேட்டால் ஒரு வீட்டில் மூன்று, ஒரு வீட்டில் நாலு. சூழலுக்காக எழுதிய இரவு அப்படியே வழக்கின் மையமாகிறது. சூழலுணர்வு வேலை செய்கிறதா என்று பார்க்க இதைவிட நல்ல சோதனை இல்லை: அந்த விவரணையை வெட்டினால் வழக்கு உடைய வேண்டும்.

இறை என்பதை இன்றைக்கு அதிகாரம் என்று வைத்துக்கொள்ளலாம். பொலிஸ் ஜீப் படலையில் நிற்பது, வாக்குமூலத்தில் வாசிக்காமல் கையெழுத்து வைப்பது, வங்கிக் கடிதம், காணி உறுதி. பேயைவிட இவை நீடிக்கும்.

அறிகுறி: மூன்றாம் அத்தியாயத்திலேயே கொலையாளி தெரிந்துவிடுகிறார்

தடயத்தால் அல்ல, மரியாதை விகுதியால் தெரிந்திருக்கும். "கணக்கப்பிள்ளை வந்தார். மூத்த மகன் வந்தார். மருமகன் வந்தான்." மூன்றாவது வசனத்தில் எழுத்தாளர் தன்னை அறியாமல் தீர்ப்புச் சொல்லிவிட்டார். கூலிக்காரரை எல்லாம் 'அவன்' என்றும் காணிக்காரரை எல்லாம் 'அவர்' என்றும் எழுதுவது இதே பழுதின் இன்னொரு முகம். அங்கே கசிவது கொலையாளியின் பெயரல்ல, சொல்லுகிறவரின் மேட்டிமை.

திருத்தம்: எழுதத் தொடங்குமுன் ஒரு தாளில் நாலு நிரல் போடுங்கள். பாத்திரம், சொல்லுகிற குரல் அவரைக் குறிக்கும் விகுதி, மிஸ் அவரை அழைக்கும் முறை, அவர் மிஸ்ஸை அழைக்கும் முறை. போடியாரின் மனைவியை மிஸ் 'மாமி' என்பார்; அவர் 'மிஸ்' என்பார், காரியம் ஆகவேண்டிய இடத்தில் 'மகள்' என்பார். மருமகனை 'அண்ணன்'. வயற்காரர் மிஸ்ஸைவிட இளையவர் என்றால் 'தம்பி', சொல்லுகிற குரலில் அவரும் 'அவர்'. காத்தான்குடியிலோ அக்கரைப்பற்றிலோ ஒரு முஸ்லிம் வீட்டுக்குள் கதை போனால் வாப்பா, உம்மா, ராத்தா, காக்கா என்று அந்த வீட்டின் முறையோடு போக வேண்டும். அந்த ஊரின் பெயரையே அச்சத்துக்குக் குறியாக்குகிற சோம்பலை இந்தக் கரையின் வாசகர் மன்னிக்கத் தேவையில்லை.

தாளில் எழுதியதை மீறுவது ஒரே ஒரு இடத்தில், தெரிந்துகொண்டு. பொலிஸ் நிலையத்தில் சார்ஜன்ட் மருமகனை "இரிங்க" என்று தொடங்கி, அரைமணி நேரத்துக்குப் பிறகு "இரி" என்கிறார். அறையின் காற்று மாறிவிட்டது. விவரணை ஒரு வரிகூட வேண்டாம்.

இன்னொரு கசிவு: குறிப்பிட்ட ஒருவர் வரும்போதெல்லாம் வானம் இருள்வது. ஒவ்வொரு பாத்திரத்தின் முதல் வருகையையும் வெட்டி வரிசையாக வைத்துப் பாருங்கள். ஒருவருக்கு மட்டும் வானிலை இருந்தால் அழியுங்கள், அல்லது குற்றமற்ற இன்னொருவருக்கும் கொடுங்கள்.

அறிகுறி: உரையாடலும் விவரணையும் இரண்டு ஊர்

விவரணை மேடைத் தமிழ், பேச்சுத் தொலைக்காட்சித் தமிழ் என்றால் வாசகருக்குக் கால் ஊன்ற இடமில்லை. பேச்சில் மட்டக்களப்பு வழக்கை முழுக்கக் கொட்டவும் வேண்டாம். வசனத்துக்கு ஒன்றிரண்டு அடையாளம் போதும். "எங்கட", "போறன்", "என்னகா", "இரிக்கி" என்று இடையிடையே. விவரணையில் படலை, வளவு, குசினி, யன்னல் என்ற புழக்கச் சொற்களை வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று நெருங்கும்.

வதந்திக்கு '-ஆம்' விகுதியைப் பயன்படுத்துங்கள். "மருமகன் அண்டைக்கு ராவு வட்டைக்குப் போனாராம்." சொன்னவர் பொறுப்பில்லை, கேட்டவர் மறக்க மாட்டார். ஆனால் சொல்லுகிற குரல் தன் சொந்த வசனத்தில் '-ஆம்' போடக்கூடாது. அது ஊரின் வாயில் மட்டும் இருக்கட்டும். இல்லாவிட்டால் எது நடந்தது, எது கதை என்பது குழம்பி நியாயமான புதிர் கெட்டுவிடும்.

அறிகுறி: ஐந்தாம் அத்தியாயத்தில் இருந்து தொய்வு

விசாரணைக் காட்சிகள் தொடர்ந்து வரும் பகுதி இது. கதிரை, தேத்தண்ணி, கேள்வி, பதில். அடுத்த வீடு, கதிரை, தேத்தண்ணி. 60,000 சொல் நாவலை 30 அத்தியாயமாக வைத்தால் அதில் 10 அத்தியாயமாவது இப்படி வரும்.

முதலில் ஒரு தாளில் 1 முதல் 30 வரை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அத்தியாயம் தரவேண்டிய உணர்வை ஒரே சொல்லில் குறியுங்கள். ஒரே சொல் அடுத்தடுத்து மூன்று தரம் வந்தால் நடுவில் உள்ளதை மாற்றுங்கள். பிறகு ஒவ்வொரு விசாரணைக்கும் கைவேலை ஒன்றைக் கொடுங்கள்: கிளினிக்கில் குழந்தையை நிறுப்பது, நெல் அவிப்பது, வலை பொத்துவது, பாய் இழைப்பது, களுவாஞ்சிகுடிச் சந்தையில் மரக்கறி தெரிவது. வேலைக்கு ஒரு தாளம் இருக்கும். பொய் சொல்லும்போது முகம் மாறியது என்று எழுதத் தேவையில்லை. பதில் தடையில்லாமல் வரும், கை மட்டும் ஒரு கணம் நின்றுவிடும். பாய் இழைக்கிறவர் ஒரு பன் புல்லை அவிழ்த்துத் திரும்ப இழைத்தால், மிஸ் அதைக் கண்டும் ஒன்றும் கேட்காவிட்டால், அந்த அத்தியாயம் தானாக நிமிரும்.

அறிகுறி: பகிடி வந்ததும் மரணம் மலிகிறது

பகிடி வரலாம். செத்தவீட்டிலும் நம்மவர்கள் பகிடி விடுவார்கள், கடதாசி விளையாடுவார்கள். எவர் பகிடி விடுகிறார் என்பதுதான் கேள்வி. பாத்திரம் விட்டால் ஊர். சொல்லுகிற குரல் பிரேதத்தின்மேல் விட்டால் அலட்சியம். நாவலின் தொனியே எள்ளல் என்றால் முதல் பக்கத்திலேயே அதைக் காட்டிவிடுங்கள். பாதியில் தொடங்கினால் வேறொருவர் பேனையை வாங்கிவிட்டார் என்று தோன்றும்.

பகிடிக்கு ஒரு வேலை உண்டு: தடயத்தை மறைப்பது. போடியாரின் மனைவி எட்டாம் நாள் கழிந்து மிஸ்ஸிடம் சொல்கிறார்: "டொக்டர் சீனிய நிப்பாட்டினதில இருந்து எறும்புகூட எங்கட குசினிய மறந்திட்டு மிஸ்." வாசகர் சிரித்துவிட்டுத் தாண்டுவார். வாடியில் எறும்பு ஏறிய கோப்பை முதல் அத்தியாயத்தில் இருக்கிறது. அதைக் குடித்தவர் போடியார் அல்ல. சிரிப்புக்கும் தடயத்துக்கும் இடையில் குறைந்தது ஆறு அத்தியாயம் இடைவெளி விடுங்கள். பகிடியை அத்தியாயத்தின் கடைசி வரியாக வைக்காதீர்கள். கடைசி வரியை எல்லோரும் இரண்டுதரம் பார்ப்பார்கள்.

அறிகுறி: போர் உள்ளே வந்ததும் புதிர் சுருங்கிவிடுகிறது

கதை 2009 மேக்கு முன் நடந்தால், ஒரு சடலத்தைக் கண்டவுடன் இந்தக் கரையில் எழுந்த கேள்வி வேறு. 'யார் கொன்றது' என்று உரக்கக் கேட்பதே ஆபத்தாக இருந்த ஆண்டுகளில், தேத்தண்ணி குடித்துக்கொண்டு புதிர் அவிழ்க்கிற இலகுவான தொனி பொய்யாகிவிடும். காணாமற்போனவர்களையும் 2004 டிசம்பர் 26 சுனாமியையும் பின்னணிச் சோகமாகத் தூவுவதும் அதே பொய்.

இரண்டு வழி உண்டு. கதையை 2015க்குப் பிறகு வைத்து, பழையதை ஆட்கள் பேசாமல் விடுகிற இடங்களில் மட்டும் தெரியவிடுவது ஒன்று: சுவரில் ஒரு படம், ஒரு பெயர் வந்ததும் பேச்சு மாறுவது. மற்றது, அந்த ஆண்டுகளுக்குள்ளேயே வைத்து, கேட்கமுடியாத கேள்வியையே நாவலின் சூழலுணர்வாக்குவது. அப்போது தொனி வறட்சியாக, சொற்செட்டாக இருக்க வேண்டும். நடுவில் நிற்பது சரிவராது. 1978 நவம்பர் 23 சூறாவளி இப்படியான சுமை இல்லாத காலக்குறி. "சூறாவளிக்கு முந்திக் கட்டின வீடு" என்ற ஒரு சொல்லில் வீட்டின் வயதும் குடும்பத்தின் வசதியும் வந்துவிடும்.

அறிகுறி: விடை சொன்னதும் வாசகர் விலகிவிடுகிறார்

எல்லோரையும் ஒரு விறாந்தையில் இருத்தி, எட்டுப் பக்கம் விளக்கும் காட்சிதான் காரணம். அதுவரை கவனித்துக்கொண்டிருந்த குரல் திடீரென்று வகுப்பெடுக்கத் தொடங்குகிறது.

விடையை மூன்றாகப் பிரியுங்கள். எப்படி நடந்தது என்பது முக்கால்வாசியில் வெளிவரட்டும்: வெடி எண்ணிக்கை. யார் என்பது கடைசிக்கு முந்திய அத்தியாயத்தில், ஒரு செயலால்: கொலையாளி யோசிக்காமலே தன் தேத்தண்ணிக்கு மூன்று கரண்டி சீனி போடுகிறார், மிஸ் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஏன் என்பது கடைசியில், செய்தவரின் சொந்தப் பேச்சில், 600 சொல்லுக்குள். அந்த இடத்தில் அச்சம் வேண்டாம். அச்சத்தின் வேலை முடிந்தது. இழிவோ இரக்கமோ வரலாம். சொல்லுகிற குரல் முதல் அத்தியாயத்தில் செருப்பைக் கவனித்த அதே நிதானத்தில் இருக்க வேண்டும், நீதி சொல்லக்கூடாது.

சில்லறைப் பழுதுகள்

நடைமுறை தமிழகப் படத்தில் இருந்து வந்திருந்தால் உடனே மாற்றுங்கள். இங்கே கமிஷனர் இல்லை, எஃப்.ஐ.ஆர். இல்லை. இருப்பது பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரி, முறைப்பாடு, நீதவானுக்குப் போகும் 'பி' அறிக்கை. திடீர் மரணம் என்றால் திடீர் மரண விசாரணை அதிகாரி. கொலைச் சந்தேகம் என்றால் நீதவான் இடத்துக்கு வந்து பார்ப்பார், பிரேதம் சட்ட வைத்திய அதிகாரியிடம் போகும். அவசரத்துக்குப் பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990.

எல்லா அத்தியாயமும் அலறலில் முடிகிறதென்றால் மூன்றில் இரண்டை ஒரு பந்தி முன்னால் வெட்டுங்கள்.

கனவுக் காட்சி இருந்தால் எடுத்துவிடுங்கள்.